வாத்துக்குப் போன தவிடு

நிபோங் திபால்
18 அக்டோபர் 1919

786

அன்புத் தங்கச்சி ஹாஜராவுக்கு அண்ணன் சிக்கந்தர் எழுதிக்கொண்டது. ஸலாம். நான் இங்கே சுகம். நீயும், பிறந்து பன்னிரண்டு நாளான என் மருமகனும், மச்சான் கமாலுதீனும், அவருடைய அக்கா நூர்ஜானும் சுகமாயிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தையும் மச்சான் வழக்கம்போலக் கூடத்தில் உட்கார்ந்து எல்லார் முன்னாலும் வாசிப்பார் என்று தெரியும். மச்சான், இனி வருவதைக் கொஞ்சம் உரக்கவே வாசியுங்கள். தாய்வீட்டுச் சீர் போதவில்லை என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் காதில் நன்றாக விழட்டும். அத்தாவும் அம்மாவும் மவுத்தாகிவிட்டால் தாய்வீடே இல்லை என்று ஆகிவிடுமா? நான் ஒருத்தன் இருக்கிறேன்.

ரங்கூனிலிருந்து அரிசி வருவது நின்றுபோனதால் நாடு படும் பாடு உங்களுக்கே தெரியும். காசு கொடுத்தாலும் கடையில் அரிசி இல்லை. எங்கள் ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் கடைசியாக வந்த புழுங்கல் அரிசி மூட்டைகள் லயத்தில் குடியிருக்கும் கூலி ஆட்களுக்கு. என்னைப் போலக் கணக்கெழுதும் கிராணிமாருக்கும் துரை வீட்டுக்கும் சைகோனிலிருந்து வந்த வெள்ளை அரிசி. நன்றாகத் தீட்டிய அரிசி; தட்டில் கொட்டினால் கண் கூசும். என் பங்கு முழுவதையும், அரை மூட்டை, வெற்றிலை வியாபாரி சுலைமான் அண்ணன் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பிள்ளை பெற்றவளுக்கு என் வீட்டுச் சீர் இது. பினாங்கில் இன்றைக்கு எந்த வீட்டில் இப்படி ஒரு சோறு வேகிறது என்று யாராவது சொல்லட்டும்.

எனக்குக் கவலைப்படாதே. லயத்துப் புழுங்கல் அரிசியில் ஒரு படியும், மரவள்ளிக் கிழங்கும் இருக்கிறது. ஒற்றை ஆள் வயிறு எதைப் போட்டாலும் கேட்டுக்கொள்ளும்.

எல்லாருக்கும் ஸலாம் சொல்லவும்.

அண்ணன்
சிக்கந்தர்

•

சூலியா தெரு, பினாங்கு
2 நவம்பர் 1919

786

மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்குத் தங்கை ஹாஜரா எழுதிக்கொண்டது. அலைக்கும் ஸலாம். நாங்கள் எல்லாரும் சுகம். உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வரிதான் எழுதுகிறீர்கள், அதையும் நம்ப முடியவில்லை.

அரிசி வந்து சேர்ந்தது. கடிதத்தை உங்கள் மச்சான் உரக்க வாசித்தார். தெருவில் போன ரிக்‌ஷாக்காரன்கூட நின்று பார்த்தான். நூர்ஜான் மதினி ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இந்த அரிசியில் வீட்டில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்பது மதினியின் உத்தரவு. உங்கள் மச்சான் காவடித்தடியில் சோற்றையும் கறியையும் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு விற்கப் போனது போய், இப்போது அவித்த கிழங்கும் கறியும் தூக்கிக்கொண்டு போகிறார். "சோறு எங்கேலா?" என்று கூலிகள் திட்டுகிறார்களாம். அவர்கள் எல்லாரும் கிழங்கும் பருப்பும் தின்ன, எனக்கு மட்டும் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, மிளகுத் தண்ணீர், சுட்ட கருவாடு. பத்தியம் கடுமை. பயறு கூடாது, வாயு. கீரை கூடாது, பிள்ளைக்குக் கழிச்சல். பழம் கூடாது, சளி. முட்டை ஏன் கூடாது என்று கேட்டேன். "கேள்வி கேக்குறதும் கூடாது" என்றார்.

பிள்ளைக்கு முகம்மது சுல்தான் என்று பேர் வைத்திருக்கிறோம். பேருக்கு ஏற்ற குரல். அழுதால் பள்ளிவாசல் வரைக்கும் கேட்கும்.

ஒரு காரியம் உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் அமலம்மாளை உங்களுக்குத் தெரியும். துறைமுக ஆபீசில் கிளார்க்காக இருக்கும் ஆர்தர் அண்ணனின் மனைவி. எனக்கு ஒரு வாரம் முன்னால்தான் அவளுக்கும் ஒரு பெண் பிறந்தது. ரீத்தா என்று ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பங்கீட்டில் கிடைத்தது புழு நெளிந்த அரிசி. உங்கள் அரிசியில் பாதியை அவளுக்குக் கொடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க அண்ணனுக்கு நான் தெனமும் ஜெபம் பண்றேன் ஹாஜரா" என்றாள். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.

தங்கை
ஹாஜரா

•

நிபோங் திபால்
27 நவம்பர் 1919

786

தங்கச்சி ஹாஜராவுக்கு ஆயிரம் துஆவுடன் அண்ணன் எழுதுவது. சுகம். அங்கே சுல்தானுடைய தர்பார் எப்படி நடக்கிறது?

அமலம்மாளுக்குக் கொடுத்ததில் எனக்குச் சந்தோஷம். அந்தப் பிள்ளையும் நம் அரிசியில் வளரட்டும். இதோ இன்னும் அரை மூட்டை வருகிறது, முன்போலவே பாதி பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே புழுங்கல் அரிசி அடியோடு தீர்ந்துவிட்டது. பதினைந்து நாளாக லயத்துக்கும் வெள்ளை அரிசிதான் அளந்து போடுகிறேன். அவர்களுக்கு அதன் அருமை தெரியவில்லை. ஏழாம் நம்பர் லயத்தில் பால்வெட்டும் பெண்ணொருத்தி, மடியில் கைப்பிள்ளையோடு ஸ்டோர் வாசலில் நின்று, "கெராணியய்யா, இது சோறாய்யா? தின்னு எந்திரிச்சா கால்ல தெம்பே இல்ல. பழைய புழுங்க அரிசியே கொடுங்கய்யா" என்கிறாள். "தொரை தின்கிற அரிசியம்மா இது, ஒனக்குக் கசக்குதா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

துரை கிழங்கு போடச் சொல்லி ஆற்றோரம் நிலம் ஒதுக்கியிருக்கிறார். கிழங்கு விளைய இன்னும் ஆறு மாதம் ஆகும்.

நூர்ஜான் அக்காவுக்கு என் ஸலாமைத் தனியாகச் சொல்லவும். அவர் வளர்க்கும் வாத்துகள் சுகமா என்று நான் விசாரித்ததாகவும் சொல்லவும்.

அண்ணன்
சிக்கந்தர்

•

பினாங்கு
20 டிசம்பர் 1919

786

அண்ணன் அவர்களுக்கு ஹாஜரா. ஸலாம். இரண்டாவது அரை மூட்டையும் வந்தது. நலமாக இருக்கிறோம் என்று எழுதச் சொல்கிறார்கள், அப்படியே எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை ஒட்டித் தபாலில் போடப்போவது உங்கள் மச்சான். போடும் முன் மதினி வாசித்துக் காட்டச் சொல்லுவார். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

சுல்தான் நன்றாகக் கொழுத்திருக்கிறான். முகமும் கையும் காலும் உப்பி, பார்ப்பவர்கள் கண் படுகிறது. மதினி தினமும் சுற்றிப் போடுகிறார். ரீத்தாவும் அப்படித்தான், ஆனால் நாலைந்து நாளாகக் குடித்த பாலை எல்லாம் கக்குகிறாளாம்.

எனக்குத்தான் கால் கொஞ்சம் கனக்கிறது. பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது. கிள்ளினால் யாரோ வேறு ஒருத்தி காலைக் கிள்ளியதுபோல இருக்கிறது. அம்மாவுடைய கொலுசை நீங்கள்தானே கல்யாணத்தன்று போட்டுவிட்டீர்கள், அது இப்போது இறுக்கமாகி, கழற்ற முடியவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும், நல்ல அரிசி சாப்பிட்டுச் சதை போட்டிருக்கிறது என்கிறார் மதினி. அப்படித்தான் இருக்கும்.

அமலம்மாளுக்கும் அப்படியே இருக்கிறதாம். கிறிஸ்மஸுக்குக் கோயிலுக்கு நடந்து போக முடியுமா என்று அவளுக்குக் கவலை.

நீங்கள் ஒரு நடை வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாதா?

ஹாஜரா

•

நிபோங் திபால்
9 ஜனவரி 1920

786

தங்கச்சிக்கு ஸலாம். நான் சுகம். உன் கடிதத்துக்குப் பதில் தாமதித்துவிட்டேன். ஸ்டோர் வேலை அதிகம். எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டு இது நாலாவது.

இந்த மாதம் அரிசி அனுப்பவில்லை. அதற்குப் பதில் சுலைமான் அண்ணன் கையில் பச்சைப்பயறு ஒரு பையும், தவிடு ஒரு மூட்டையும் வரும். கிரியான் பக்கத்து மலாய்க்காரர்கள் வீட்டு உரலில் குத்திய நெல்லின் தவிடு, புதுசு. நூர்ஜான் அக்காவின் வாத்துகளுக்கு என் அன்பளிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீயும் அதில் ஒரு பிடி எடுத்து, சலித்து, வெல்லம் போட்டுச் சாப்பிட்டால் உடம்புக்கு நல்லது என்று இங்கே ஒருவர் சொல்கிறார். பயறையும் அவித்துச் சாப்பிடு. பத்தியத்தை இத்தனை நாள் நீட்ட வேண்டுமா? இருக்கும் வெள்ளை அரிசியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் தேவலை. கிழங்கு சாப்பிடலாம்.

காரணம் ஒன்றுமில்லை. சும்மா தோன்றியது, எழுதினேன்.

இங்கே லயத்தில் சிலருக்கு உடம்பு சரியில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் முனுசாமி ஏதேதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த மழைக் காலத்தில் அதெல்லாம் சகஜம்.

கொலுசை யாரிடமாவது சொல்லிக் கழற்றிவிடு.

சிக்கந்தர்

•

பினாங்கு
16 ஜனவரி 1920

786

அண்ணன் அவர்களுக்கு. ஸலாம். பயறும் தவிடும் பன்னிரண்டாம் தேதி வந்தன.

உங்கள் கடிதம் கூடத்தில் வாசிக்கப்பட்டது. மதினி சொன்னதை உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னார், எழுதுகிறேன்: "அரிசி அனுப்ப முடியலேன்னா முடியலேன்னு சொல்லிட்டுப் போறது. புள்ள பெத்தவளுக்குத் தவிடு அனுப்புற தாய்வீட்ட இப்பத்தான் பாக்குறேன். நாங்க என்ன வாத்தா?" உங்கள் மச்சான் உங்களுக்காகப் பேசினார். சிக்கந்தர் காரணமில்லாமல் எழுத மாட்டான் என்றார். மதினி கடிதத்தை அவர் கையில் திருப்பிக் கொடுத்து, "அவரே எழுதியிருக்காரே, காரணம் ஒண்ணுமில்லேன்னு. திரும்ப வாசி" என்றார். அவர் திரும்ப வாசித்தார்.

தவிடு வாத்துகளுக்குப் போனது. பயறைக் கறியில் போட்டு எல்லாரும் சாப்பிட்டார்கள். எனக்குக் கொடுக்கவில்லை. மூட்டை தீருகிறதென்று கொஞ்சம் குறைத்திருந்த வெள்ளைச் சோற்றையும் மதினி ரோஷத்தில் பழையபடி கூட்டிவிட்டார். "எங்க வீட்ல சோத்துக்கு இல்லேன்னு யாரும் நெனைக்கக் கூடாது" என்கிறார்.

எனக்கும் வருத்தம்தான் அண்ணே. வாத்தைப் பற்றி விளையாடுவதற்கு வேறு நேரம் கிடைக்கவில்லையா?

ரீத்தாவுக்கு உடம்பு சரியில்லை. சுல்தான் பரவாயில்லை.

ஹாஜரா

•

பினாங்கு
24 ஜனவரி 1920

அண்ணே,

ஸலாம் எழுதக்கூட நேரமில்லை. இந்தக் கடிதம் நான் எழுதியது வீட்டில் யாருக்கும் தெரியாது. சுவருக்கு மேலே அமலம்மாள் கையில் கொடுக்கிறேன், ஆர்தர் அண்ணன் தபாலில் போடுவார்.

ரீத்தா வியாழக்கிழமை காலையில் போய்விட்டாள். நேற்று அடக்கம்.

எப்படிப் போனாள் என்று எழுதுகிறேன், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று நாள் அழுதாள், சத்தமே வரவில்லை. வாயைத் திறக்கிறாள், முகம் நீலமாகிறது, கண்ணீர் வருகிறது, குரல் இல்லை. மார்பு மட்டும் படபடவென்று அடித்துக்கொள்கிறது. அமலம்மாள், "கத்துடி, கத்துடி எம்பொண்ணே" என்று அவளை உலுக்கினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று காலையில் சுல்தான் அழுதான். வாயைத் திறந்தான். சத்தம் பாதிதான் வந்தது. பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு கீச்சு. அவ்வளவுதான். பள்ளிவாசல் வரைக்கும் கேட்ட குரல் அண்ணே, அடுப்படிக்குக் கேட்கவில்லை. மதினி சளி என்கிறார். கற்பூரம் தடவுகிறார். சளி இல்லை என்று எனக்குத் தெரியும்.

என்னால் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை.

உங்கள் கடிதத்தைத் திருட்டுத்தனமாக எடுத்து மறுபடி வாசித்தேன். பயறு, தவிடு, வெள்ளை அரிசியைக் குறை. நீங்கள் வாத்தைப் பற்றி எழுதவில்லை. உங்களுக்கு ஏதோ தெரியும். அது என்ன? எல்லார் முன்னாலும் சொல்ல முடியாததாக இருந்தால் எனக்கு மட்டும் சொல்லுங்கள். ஆனால் காரணம் ஒன்றுமில்லை என்று மட்டும் இன்னொரு தடவை எழுதாதீர்கள்.

அமலம்மாள் அங்கே சுவருக்கு அப்பால் நின்றுகொண்டிருக்கிறாள். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள், என் கடிதத்துக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறாள். சீக்கிரம், அண்ணே.

ஹாஜரா

•

நிபோங் திபால்
26 ஜனவரி 1920, காலை

786

மச்சான் கமாலுதீன் அவர்களுக்கு சிக்கந்தர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இதைக் கொண்டுவரும் சுலைமான் அண்ணனைக் காலை ரயிலில் அனுப்பியிருக்கிறேன். எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து, என் முதல் கடிதத்தை வாசித்ததைவிட உரக்க இதை வாசியுங்கள். நூர்ஜான் அக்கா பக்கத்தில் இருக்கட்டும்.

முதலில் செய்ய வேண்டியது. வெள்ளை அரிசியை இந்த நிமிஷத்தோடு நிறுத்துங்கள். சுலைமான் அண்ணன் மூட்டையில் புதுத் தவிடு இருக்கிறது. அதைச் சலித்து, நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, வெல்லம் கொஞ்சம் சேர்த்து, அந்தத் தண்ணீரை மணிக்கொருதரம் இரண்டு கரண்டி பிள்ளைக்குக் கொடுங்கள். ஹாஜரா தன் பாலை இரண்டு மூன்று நாள் கொடுக்கக் கூடாது, ஆட்டுப்பால் கொடுங்கள். ஹாஜராவுக்குத் தவிட்டுக் கஞ்சி, பயறு, முட்டை, கீரை எல்லாம் கொடுங்கள். இதைச் செய்துகொண்டே பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு போங்கள். பெரி பெரி என்று சொல்லுங்கள், டாக்டருக்குப் புரியும்.

இனி காரணம்.

காரணம் அந்த அரிசி. டிரெஸ்ஸர் முனுசாமி ஜனவரி நாலாம் தேதி என் ஸ்டோருக்கு வந்து, லயத்து ஆள் ஒருவன் காலை என் முன்னால் விரலால் அழுத்திக் காட்டினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. "சிக்கந்தரு, புழுங்க அரிசி தின்ன வரைக்கும் ஒருத்தனுக்கும் இது வரல. தவிட்டுல இருக்கற சத்தத்தனையும் மில்லுக்காரன் தீட்டி எடுத்துட்டு வெறும் சக்கையக் கொடுக்கறான். கெழங்கு, பயறு எதுனா சேத்துத் தின்னா தப்பிக்கலாம். வெறும் சோறா தின்னா இதான். தாய் தின்னா அவ பால் குடிக்கற புள்ளைக்கும் இதான்" என்றார். ஸ்டோரில் வெள்ளை அரிசியோடு பயறு போட ஆரம்பித்தோம். அதற்குள் பதினொரு பேர் போய்விட்டார்கள். முதலில் போனது ஏழாம் நம்பர் லயத்துப் பெண்ணின் கைப்பிள்ளை. பிறகு அவள்.

அன்றைக்கே ஹாஜராவின் கொலுசுக் கடிதம் என் பெட்டியில் இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். ஐந்து நாள் யோசித்தேன். உரக்க வாசியுங்கள் என்று எழுதி அனுப்பிய சீர், நோய் என்று எப்படி எழுதுவது? நூர்ஜான் அக்கா முன்னால் மச்சான் வாசிப்பார், என் தங்கச்சி தலை குனிந்து நிற்பாள் என்று நினைத்தேன். அதனால் வாத்து என்றும், சும்மா தோன்றியது என்றும் எழுதினேன். என் ரோஷத்துக்காக எழுதினேன், வேறு எதற்காகவும் இல்லை.

ஹாஜரா எனக்குத் தனியாக எழுதினாள், அதைச் சொல்லக் கூடாது என்று நினைத்திருப்பாள். இனி எதையும் மறைக்க எனக்குத் தைரியம் இல்லை. அவளை யாரும் கோபிக்க வேண்டாம்.

நானே வந்திருக்க வேண்டும். இங்கே ஆஸ்பத்திரி லயத்தில் இருபத்து மூன்று பேர் கிடக்கிறார்கள், துரை என்னை விடவில்லை. பிள்ளை எப்படியிருக்கிறான் என்று சுலைமான் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

பாவி
சிக்கந்தர்

•

பினாங்கு
3 பிப்ரவரி 1920

786

அண்ணன் அவர்களுக்கு ஹாஜரா எழுதிக்கொண்டது. ஸலாம். சுல்தான் பிழைத்துவிட்டான். அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் கடிதத்தை உங்கள் மச்சான் பாதிவரை வாசித்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை, நான் வாங்கி வாசித்தேன். முடிக்கும் முன்பே மதினி எழுந்து போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். அடுப்படியில் போய்ப் பார்த்தால், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தவிடு சலித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. "வாத்தெல்லாம் நல்லா இருக்கு ஹாஜரா, வாத்தெல்லாம் நல்லா இருக்கு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி டாக்டர் உங்கள் டிரெஸ்ஸர் சொன்னதையே சொன்னார். இரண்டு நாள் இருக்குமா போகுமா என்றிருந்தது. புதன்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கண்ணைத் திறந்தான், வாயைத் திறந்தான், நான் என் காதைப் பொத்திக்கொண்டேன், அந்தச் சத்தமில்லாத அழுகையை இன்னொரு தடவை பார்க்க முடியாது என்று. பொத்திய காதுக்குள்ளும் கேட்டது. கத்தினான் அண்ணே. வீடு முழுக்கக் கத்தினான்.

அந்தச் சத்தம் கேட்டு அமலம்மாள் ஓடிவந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். பிள்ளையை வாங்கி நெஞ்சில் அணைத்துக்கொண்டு, "கத்துறான், ஹாஜரா, கத்துறான்" என்று அழுதாள். பிறகு திரும்பிப் போய் ஒரு தகரடப்பாவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். உள்ளே நீங்கள் அனுப்பிய அரிசி, கால் டப்பா. "இனிமே எனக்கெதுக்கு இது? நீ சாப்பிடு. ஒம் புள்ளைக்குப் பால் வேணும்ல" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். அவளுக்கு நோயின் பேரைச் சொல்லி, பயறும் தவிடும் சாப்பிட வைத்துவிட்டேன், கால் தேறுகிறது. எங்கிருந்து நோய் வந்தது என்று சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

அண்ணே, நீங்கள் தெரிந்துகொண்டது நாலாம் தேதி. எழுதியது ஒன்பதாம் தேதி. தவிடு எங்கள் வீட்டுக்கு வந்தது பன்னிரண்டாம் தேதி. ரீத்தா போனது இருபத்திரண்டு. பத்து நாள், ஒரு மூட்டைத் தவிடு சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தது. பழியை உங்கள்மேல் மட்டும் போடவில்லை. அரிசியைப் பாதியாகக் கொடுக்கத் தெரிந்த எனக்குத் தவிட்டைப் பாதியாகக் கொடுக்கத் தோன்றவில்லை.

அவளிடம் நான் சொல்ல மாட்டேன். என்னால் முடியாது. நீங்கள் வந்து சொல்லுங்கள். அவள் உங்களுக்காக இன்னமும் தினமும் ஜெபம் பண்ணுகிறாள். அதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

ஹாஜரா

•

நிபோங் திபால்
9 பிப்ரவரி 1920

786

தங்கச்சிக்கு. பிள்ளை கத்தினான் என்ற இடத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. உன் கால் எப்படியிருக்கிறது?

அமலம்மாளுக்குக் கடிதமாக எழுதிப் பார்த்தேன். எழுதினால் மறுபடியும் ஏதாவது ஒரு வாத்து வந்து உள்ளே நுழைந்துகொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை துரை லீவு கொடுத்திருக்கிறார். அவர்கள் கோயில் பூசை முடிந்து வீடு திரும்பும் நேரத்துக்கு வந்து நிற்பேன். முதலில் அவள் வாசலுக்கு. பிறகுதான் உன் வாசலுக்கு.

இதையும் கூடத்தில் வாசிக்கலாம்.

சிக்கந்தர்

•

பினாங்கு
17 பிப்ரவரி 1920

786

அண்ணன் அவர்களுக்கு ஹாஜரா. ஸலாம். நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே படகுத்துறைக்குப் போனீர்கள் என்று மதினிக்கு மிகவும் வருத்தம். வெயிலில் போனீர்கள், உடம்பு எப்படியிருக்கிறது?

நீங்கள் அவள் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பேசியதை எல்லாம் நான் எங்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றையும் விடாமல் சொன்னீர்கள். வாத்தையும் சொன்னீர்கள். ஆர்தர் அண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டார். அமலம்மாள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், அதையும் உங்களைக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அந்தத் தவிடு என்னைக்கு வந்துச்சு ஹாஜரா?"

பன்னிரண்டாம் தேதி என்றேன். அவள் ஜெபமாலை வைத்திருந்த கையால் விரல் விட்டு எண்ணினாள். எண்ணி முடித்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதைத்தான் நீங்களும் பார்த்தீர்கள்.

கதவு இன்னும் திறக்கவில்லை. நேற்று மதினி ஒரு சட்டியில் பயற்றங்கஞ்சி கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தார். சாயங்காலம் சட்டி கழுவிக் கவிழ்த்து எங்கள் வாசலில் இருந்தது. குடித்தாளா, கொட்டினாளா, தெரியவில்லை.

சுல்தான் நன்றாக இருக்கிறான். குரல் முழுக்கத் திரும்பிவிட்டது. அவன் கத்தினால் சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஓடிப்போய் அந்தப் பக்கத்துச் சன்னலைச் சாத்துகிறேன்.

மிச்சமிருக்கும் வெள்ளை அரிசி, எங்களுடையதும் அவள் கொடுத்ததும், இரண்டு டப்பாவும் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. கொட்ட மனம் வரவில்லை. ஊரில் அரிசி இல்லை.

முந்திய அவசரக் கடிதத்தை ஆர்தர் அண்ணன்தான் தபாலில் போட்டார். இதை அவரிடம் கொடுக்க எனக்கு முகமில்லை. கொலுசு நேற்றுத் தானாகவே கழன்றுவிட்டது. நானே தபாலாபீஸ் வரைக்கும் போய்ப் போட்டுவிட்டு வருகிறேன். கால் இப்போது நன்றாக நடக்கிறது.

தங்கை
ஹாஜரா